நட்சத்திரங்களின் குழந்தை வழக்கும் வக்கீல் ஃபீஸும்: கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் குடும்ப வழக்குகள் நடத்தும் ஒரு அலுவலகத்தில் பல வருஷம் பில் போடும் வேலை பார்த்தவன் நான். ஹாலிவுட் பிரபலங்களின் குழந்தை வழக்குகளில் வாங்கும் ஃபீஸ் நியாயமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

குழந்தை யாரிடம் இருப்பது என்று முடிவு செய்ய லட்சக்கணக்கான டாலர் எப்படி ஆகும் சார்?

மணிக்கணக்குதான் காரணம். பெரும்பாலும் 6 நிமிஷத்தை ஒரு அலகாக வைத்து எழுதுவார்கள், ஒரு மின்னஞ்சலைப் படித்தாலும் பில்லில் ஏறும். அதோடு நீதிமன்றம் நியமிக்கும் மனநல மதிப்பீட்டாளர், சில வழக்குகளில் குழந்தைக்கென்று தனி வக்கீல், வாக்குமூலம் பதிய ஆள் என்று செலவு சேர்ந்துகொண்டே போகும். பிரபலம் என்றால் ஆவணங்கள் வெளியே போகாமல் முத்திரையிடக் கேட்டுத் தனி மனு, படப்பிடிப்புத் தேதி மாறும்போதெல்லாம் குழந்தையைப் பார்க்கும் அட்டவணையிலும் மாற்றம். ரேட் அதிகம் என்று எல்லோரும் திட்டுகிறார்கள், ஆனால் நான் பார்த்த பில்கள் வீங்கியதெல்லாம் மணிகளின் எண்ணிக்கையால்தான். ஞாயிறு மாலை 5 மணிக்குக் கொண்டுவிடுவதா 6 மணிக்கா என்று வாரக்கணக்கில் கடிதம் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் முன்னாள் கணவரின் வக்கீலுக்கும் சேர்த்துக் கொடுத்தாரே, அது அநியாயம் இல்லையா?

2008இல் அந்த முன்னாள் கணவர் கெவின் ஃபெடர்லைனின் வக்கீல் செலவுக்காக 3,75,000 டாலர் கொடுக்கச் சொல்லி உத்தரவானது. கலிஃபோர்னியா குடும்பச் சட்டம் இதற்கு இடம் தருகிறது: ஒருவரிடம் பணம் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை என்றால், இருவருக்கும் நல்ல வக்கீல் கிடைக்கும்படி பணமுள்ளவரைக் கொடுக்கச் சொல்லலாம். இது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன். இல்லையென்றால் யாரிடம் அதிகப் பணமோ அவரிடமே குழந்தை போகும்.

ஆனால் பிரிட்னி விஷயத்தில் என் மனசு ஆறாத இடம் வேறு. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்து அவர் சொத்து, அவருக்குப் பதிலாக முடிவெடுக்க நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்கள் கையில் இருந்தது. தனக்குப் பிடித்த வக்கீலை அவரே வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது 2021 ஜூலையில்தான். அதுவரை தனக்காகப் பேசிய வக்கீலுக்கும், பாதுகாவலர் பக்க வக்கீல்களுக்கும் அவர் பணத்திலிருந்தே ஃபீஸ் போனது. அதை எந்த விதத்திலும் என்னால் நியாயம் என்று சொல்ல முடியாது.

ஜெயித்தால் இவ்வளவு சதவீதம் என்று பேசிக்கொள்ளலாமே?

குழந்தை வழக்கில் சதவீதம் எடுக்க என்ன இருக்கிறது? விவாகரத்து கிடைப்பதையோ ஜீவனாம்சத் தொகையையோ பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதியிலேயே இருக்கிறது.

நடிகர்கள் ஏஞ்சலினா ஜோலி, பிராட் பிட் வழக்கு ஏன் அவ்வளவு இழுத்தது?

2016 செப்டம்பரில் விவாகரத்து மனு, 2024 டிசம்பரில் சமரசம். நடுவில் இரு தரப்பும் பணம் கொடுத்து வைத்த தனியார் நீதிபதியை, பிட்டின் வக்கீல்களோடு இருந்த தொழில் தொடர்புகளைப் போதுமான அளவு சொல்லவில்லை என்று 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விலக்கியது. குழந்தைகள் பற்றி அதுவரை நடந்த விசாரணை வீணானது. வழக்கு முடியும்போது ஆறு பிள்ளைகளில் நான்கு பேருக்கு 18 வயது ஆகிவிட்டது. அந்த நான்கு பேரைப் பொறுத்தவரை தீர்மானிக்க எதுவுமே மிச்சமில்லை.

அப்போ ஃபீஸ் நியாயமா இல்லையா? ஒரே பதிலாகச் சொல்லுங்கள்.

திறமைக்குக் கேட்கும் ரேட் நியாயம்தான், சண்டையை வளர்த்துச் சேர்க்கும் மணிகள் நியாயம் இல்லை. சமரசத்தைக் கெடுக்கும் தரப்பை எதிராளியின் வக்கீல் செலவை ஏற்கச் சொல்ல கலிஃபோர்னியா குடும்பச் சட்டத்தின் 271ஆம் பிரிவு இருக்கிறது. நீதிபதிகள் அதை இன்னும் தாராளமாக எடுத்தால் நல்லது.

நான் பிரபலம் இல்லை, கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். என் வழக்கில் செலவைக் குறைக்க என்ன வழி?

குழந்தை விஷயத்தில் தகராறு என்றால் அங்கே விசாரணைக்கு முன்னால் மத்தியஸ்தம் கட்டாயம், நீதிமன்றத்தின் மத்தியஸ்தருக்குக் கட்டணம் கிடையாது. அந்த நாளுக்கு நன்றாகத் தயாராகிப் போங்கள். வக்கீல் வைத்தால் மாதாமாதம் வரி வரியாகப் பில் கேளுங்கள், புரியாத வரிக்கு உடனே விளக்கம் கேளுங்கள். அப்புறம், கோபத்தில் இரவு எழுதும் மின்னஞ்சலை வக்கீலுக்கு அனுப்பாதீர்கள். அவர் அதைப் படிக்கும் நேரத்துக்கும் பில் வரும்.