ஐந்து வீரர்களுக்கு ஐந்து உடை தேவையில்லை

கேள்வி: இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். ஐந்து சூப்பர் ஹீரோக்கள் சேர்ந்து போராடும் பத்து நிமிட அனிமேஷன் படம் எடுக்க ஆசை. அதற்கு நடிப்பவரின் அசைவைக் கணினியில் பதியும் மோஷன் கெப்சர் உடை ஆளுக்கொன்று வேண்டுமாம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவதாக ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. அந்த உடை உங்கள் உருவத்தைப் பதிவதில்லை. மூட்டுகள் எப்படி அசைகின்றன என்பதை மட்டுமே பதிகிறது. ஆகவே ஒரே உடையில் ஒருவரே ஐந்து வேடத்தையும் ஒவ்வொன்றாக நடித்துவிடலாம். கணினியில் ஐவரையும் ஒரே காட்சியில் நிறுத்திக்கொள்ளலாம்.

அந்த ஓர் உடையும் இப்போதைக்கு வேண்டாம். உடலோடு ஒட்டிய உடுப்புப் போட்டு, தலை முதல் பாதம் வரை தெரிய, அசையாத ஃபோனில் வீடியோ எடுங்கள். வீடியோவிலிருந்தே அசைவைப் பிரித்துத் தரும் மென்பொருள்கள் உண்டு. கதாபாத்திரத்தை இயக்க பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருள் இலவசம். இப்படி எடுத்த அசைவில் கதாபாத்திரத்தின் பாதம் தரையில் வழுக்கும்; அதைக் கையால் திருத்த வேண்டும்.

தனித்தனியாக எடுப்பது ஓரிடத்தில் மட்டும் உதவாது. இருவர் தொட்டுக்கொள்ளும் இடம். ஒருவன் மற்றவனின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி எறிகிறான் என்றால், தனியாக நடித்தவனின் முதுகில் அந்தப் பாரம் இருக்காது. சேர்த்துப் பார்த்தால் கை கைக்குள் புகுந்து போகும். இருவரையும் ஒன்றாக நடிக்க வைத்தால் ஒருவர் மற்றவரை மறைப்பார்; மென்பொருள் யாருடைய கால் எது என்று தடுமாறும். இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு ஃபோனில் எடுங்கள். பல கெமராப் பதிவுகளைச் சேர்த்துக் கணிக்கும் மென்பொருளும் இருக்கிறது. முடியாவிட்டால் பிடிக்கும் கணத்தை அண்மைக் காட்சியாக்கி, அந்தச் சில பிரேம்களைக் கையாலேயே அசையுங்கள். பெரிய படங்களிலும் எல்லாம் மோஷன் கெப்சர் இல்லை. 2012 அவெஞ்சர்ஸில் ஹல்க்குக்காக நடிகர் மார்க் ரஃபலோ மோஷன் கெப்சரில் நடித்தார். 2014 கார்டியன்ஸ் ஆஃப் த கெலக்ஸியில் வரும் ரொக்கெட் என்ற ரக்கூன் பாத்திரத்தையோ அனிமேட்டர்கள் கையால்தான் அசைத்தார்கள்.

இனி அந்தத் தரகர். அவர் காட்டிய விளம்பர வீடியோவை நம்பாதீர்கள். உங்கள் கண் முன்னால் ஒருவருக்கு உடையை மாட்டி, நடக்க விட்டு, அந்தப் பதிவை பி.வி.எச். என்ற அசைவுப் பதிவுக் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். பிளெண்டரில் திறந்து பாருங்கள். சுங்க வரி யார் பொறுப்பு, பழுதானால் யார் திருத்துவது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். இன்னொன்றையும் அவர் சொல்லியிருக்க மாட்டார்: சென்சர் பொருத்திய உடைகள் பல, திசையறிய பூமியின் காந்தப்புலத்தையும் பயன்படுத்துகின்றன. இரும்புத் தூண்கள் நிற்கும் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் போட்டால் அந்தப் புலம் குழம்பி, இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் திரும்பும்.

உடை வாங்கினால் டிப்ளோமாவும் சேர்த்துத் தருகிறேன் என்றால் இன்னும் மோசம். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவுள்ள நிறுவனமா, என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைத் தரம் உண்டா என்று முதலில் பாருங்கள். இதையெல்லாம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது பாடசாலையும் அரசாங்கப் பயிற்சி நிலையமும். அவை எட்டிப் பார்க்காத இடத்தில்தான் தரகர் வாத்தியாராக வந்து நிற்கிறார், கேட்பதற்கு ஆளில்லை.

முற்பணம் ஏற்கெனவே கைமாறியிருந்தால் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்து, எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். இருக்கும் காசில் நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினி வாங்குங்கள். முதலில் இருவர் மோதும் முப்பது வினாடிக் காட்சி ஒன்றை முடியுங்கள்.