ஆல்பத்தில் கிடைத்த ஜெர்மன் நோட்டுகள்: பணம் ஆகுமா?

கேள்வி: தாத்தாவின் தபால்தலை ஆல்பத்தில் மூன்று ஜெர்மன் நோட்டுகள் இருந்தன. ஒன்று நாவும்பர்க் நகரத்தின் 50 ஃபென்னிக் (நூறு ஃபென்னிக் ஒரு மார்க்); குழந்தைகளின் நிழலுருவங்கள் அச்சிட்டது. இன்னொன்று துரிங்கியா அரசு வங்கியின் 20 லட்சம் மார்க். மூன்றாவது, 1922 தேதியிட்ட 1000 மார்க். குறுக்கே சிவப்பு எழுத்து இருக்கிறது. வங்கியில் மாற்ற முடியுமா?

பதில்: முடியாது. எந்த வங்கியும் வாங்காது. சேகரிப்பாளர்தான் வாங்குவார், அவரும் பெரிய தொகை தரமாட்டார்.

முதல் இரண்டும் ‘நோட்கெல்ட்’, அதாவது நெருக்கடிக்காலப் பணம். ஆனால் இரண்டுக்கும் பிறப்பு வேறு. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் மக்கள் நாணயங்களைப் பதுக்கினார்கள். சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க நகராட்சிகள் சொந்தமாக நோட்டு அடித்தன. சேகரிப்பாளர்கள் அவற்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், பணமாக்கத் திரும்பி வருவதில்லை என்பது நகராட்சிகளுக்குப் பிறகுதான் உறைத்தது. விடுவார்களா? 1921-இல் வண்ண வண்ணத் தொகுப்புகளாக அச்சிட்டுத் தள்ளினார்கள். உங்கள் நாவும்பர்க் நோட்டு, ஊரை முற்றுகையிட்ட ஹுஸ்ஸைட் (15-ஆம் நூற்றாண்டு பொஹீமியச் சமயக் கிளர்ச்சிக்காரர்கள்) படைத்தலைவன் குழந்தைகளுக்கு இரங்கிச் செர்ரிப் பழம் கொடுத்தான் என்ற ஊர்க்கதையைச் சொல்கிறது. அழகானதுதான், ஆனால் இவ்வகை நோட்டுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. சில யூரோவுக்கே கிடைக்கும்.

1922 ஜூலையில் சட்டம் போட்டு இதைத் தடுத்தார்கள். அடுத்த ஆண்டே தடை காற்றில் பறந்தது. விலைவாசி தலைதெறிக்க ஏறியதால், ஜெர்மனியின் மத்திய வங்கியான ரைஷ்பாங்க் நூற்றுக்கும் மேற்பட்ட அச்சகங்களை முடுக்கியும் சம்பள நாளுக்கு நோட்டு போதவில்லை. நகரங்கள், ஆலைகள், ரயில்வே எல்லாம் அச்சிட்டன. துரிங்கியா வங்கி, வைமார் நகரில் பாவ்ஹவுஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியின் மாணவராக இருந்த ஹெர்பர்ட் பேயரிடம் வேலையைக் கொடுத்தது. படமோ பூவேலையோ இல்லை, தடித்த எழுத்துகள் மட்டுமே. மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். வடிவமைப்பு ஆர்வலர்களும் தேடுவதால் விலையும் சற்றுக் கூடுதல். மதிப்போ சில வாரங்கள்கூட நிற்கவில்லை: 1923 நவம்பர் 20 அன்று ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்!

மூன்றாவது நோட்கெல்டே அல்ல. ரைஷ்பாங்க் தன் பழைய 1000 மார்க் நோட்டின் மேல் 100 கோடி என்று சிவப்பில் அச்சிட்டு வெளியிட்டது. மிகச் சாதாரணமாகக் கிடைப்பது.

விற்பதானாலும் வைத்திருப்பதானாலும் இஸ்திரி போடாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டாதீர்கள். பிவிசி உறையிலிருந்து எடுத்துப் பாலியெஸ்டர் உறையில் போடுங்கள்.