எனது தந்தை: இருநூறு சொற்களுக்குள் எழுதுக

அன்புள்ள ரீச்சருக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்தில் தரம் 9 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். கல்வியியல் கல்லூரி முடித்து வந்து நான்கு வருடம். போன விடுமுறையில் மூன்று நாள் செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். காலையில் மொழி கற்பித்தல் முறைகள், குழுவேலை, ஜிக்சோ. பின்னேரம் வேறொருவர் வந்து உளசமூக ஆதரவு, மனக்காயம் பற்றிப் பேசினார். பிள்ளைகள் உணர்வை வெளிப்படுத்த எழுத்து நல்ல வழி என்றார்கள். திரும்பி வந்து 'எனது தந்தை' என்று கட்டுரை கொடுத்தேன். எப்போதும் மேசையில் தலை வைத்துப் படுத்திருக்கும் ஒரு பையன் இரண்டு வசனம் எழுதினான். பிறகு தாளைக் கிழித்துக் கசக்கிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அந்தத் தாளை விரித்துப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இவனை எப்படி எழுத வைப்பது? 42 பேர் உள்ள வகுப்பில் குழுவேலை சாத்தியமா? செயற்பாட்டு முறையா, பழைய முறையா, எது நல்லது? எங்கள் பாடசாலைக்கு ஸ்மார்ட் போர்ட் வரப்போகிறது, அது உதவுமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த கிழமை நான் பேரப்பிள்ளையின் தவணைப் பரீட்சை வினாத்தாளைப் பார்த்துக் கொதித்துப்போய் இருந்தேன். கட்டுரைப் பகுதியில் ஒரேயொரு தலைப்பு, 'என் வாழ்வில் மறக்க முடியாத நாள்'. தெரிவு கிடையாது. அதனால் இந்தப் பதிலில் உங்களுக்குக் கிடைக்கும் ஏச்சில் கொஞ்சம் அந்த வினாத்தாளைத் தயாரித்தவருக்கும் உரியது.

முதல் ஏச்சு முழுக்க உங்களுக்குத்தான். அந்தப் படத்தை ஏன் எனக்கு அனுப்பினீர்கள்? ஒரு பிள்ளை எழுதி, வேண்டாம் என்று கிழித்து, கசக்கிப் போட்ட தாள் அது. அதைப் பொறுக்கி, விரித்து, படம் எடுத்து, முன்பின் தெரியாத ஒருத்திக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்தீர்கள், தெரியும். நான் பார்க்காமலே அழித்துவிட்டேன். நீங்களும் அழித்துவிடுங்கள். ஆசிரியர் அறையில் யாருக்காவது காட்டியிருந்தால், அவர்களிடம் இதைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஸ்மார்ட் போர்ட் வரட்டும், மின்சாரம் இருந்தால் நல்லது. செயற்பாட்டு முறையா பழைய முறையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. 2007 பாடத்திட்டத்தோடு ஐந்து படிக் கற்பித்தல் முறை (5E) வந்தபோது அது எல்லாவற்றையும் தீர்க்கும் என்றார்கள். ஆசிரியர் வழிகாட்டி நூலை மனப்பாடமாக ஒப்புவிக்கும் ஆசிரியர்களைத்தான் நான் கண்டேன். 42 பேரோடு குழுவேலை செய்யலாம். முன் வாங்குப் பிள்ளைகளைப் பின்பக்கம் திரும்பச் சொல்லுங்கள், குழு வந்துவிடும்.

ஜிக்சோ பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைக் காலையில் படிப்பித்துவிட்டு, பின்னேரம் வேறொருவர் வந்து மனக்காயம் பற்றிப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜிக்சோ எங்கே பிறந்தது என்று அந்த இருவரில் ஒருவராவது சொன்னார்களா? 1971இல் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில். கறுப்பு, வெள்ளை, மெக்சிக்கப் பிள்ளைகளை அப்போதுதான் ஒரே பாடசாலையில் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். எலியட் அரோன்சன் என்ற உளவியலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவுரை சொல்லவில்லை. பாடத்தைத் துண்டுகளாக்கி, ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். மற்றவன் வாயைத் திறந்தால்தான் உனக்குப் பாடம் முழுமையாகும். ஒருவனுக்கும் 'உன் உணர்வைச் சொல்' என்று சொல்லத் தேவைப்படவில்லை. முறை ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம் என்று கால அட்டவணையில் பிரித்து வைப்பவர்களுக்கு இது விளங்காது. நீங்கள் பாடத்தை நடத்தும் விதமே அந்தப் பிள்ளைக்கான ஆதரவு. பின்னேர வகுப்பு என்று தனியாக ஒன்று இல்லை.

சரி, கட்டுரைக்கு வருகிறேன்.

எங்கள் ஆட்கள் கட்டுரைக்குக் கொடுக்கும் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள். எனது தந்தை. எங்கள் வீடு. எனது குடும்பம். நான் சென்ற சுற்றுலா. மறக்க முடியாத நாள். தலைமுறை தலைமுறையாக இவைதான். கேட்டால், பிள்ளைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்பார்கள். தெரிந்ததுதான், அதுதான் சிக்கலே. தகப்பன் எங்கே என்று தெரியாத பிள்ளை, தகப்பன் நேற்றிரவு என்ன செய்தார் என்று நன்றாகத் தெரிந்த பிள்ளை, இருவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். இருவருக்கும் 40 நிமிடம், இருநூறு சொல், நூற்றுக்குப் பதினைந்து புள்ளி.

உங்கள் மாணவன் போர் முடிந்த பிறகு பிறந்தவன். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு என்ன மனக்காயம் என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்பார்கள். அவனுடைய தாய் 2009இல் பதின்வயதுப் பெண்ணாகப் பங்கருக்குள் இருந்திருப்பாள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் உட்கார்ந்தபோது, அவனுடைய அம்மம்மாவும் ஒரு படத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே இருந்திருக்கலாம். வீட்டுப் படலையில் கிழமைக்கு ஒருக்கா நுண்கடன்காரர் வந்து நிற்பார். வடக்குக் கிழக்கில் 296 தமிழ் மாணவர்களிடம் விசாரித்து 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. போரை அதிகம் கண்ட வீட்டில், தகப்பன் குடிக்கிற வீட்டில், பிள்ளை அடிவாங்குவதும் அதிகம் என்று அது சொன்னது. ஷெல் நின்ற பிறகும் வீட்டுக்குள் அது நிற்பதில்லை. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவனிடம் போய் 'எனது தந்தை' கேட்டிருக்கிறீர்கள். அவன் கிழித்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. இரண்டு வசனம் எழுதினான் பாருங்கள், அதுதான் ஆச்சரியம். உங்களை அவனுக்குப் பிடிக்கும் போலிருக்கிறது.

எழுதினால் மனம் ஆறும் என்று செயலமர்வில் சொன்னது பொய்யில்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்பவர் 1986இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இந்தப் பேச்சு பரவியது. பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து நான்கு இரவு, பதினைந்து நிமிடம், மனதை அழுத்தும் ஒன்றைப் பற்றி எழுத வைத்தார். எழுதியவர்கள் பிறகு வைத்தியரிடம் போனது குறைந்தது. நல்லது. ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். தாமாக ஒப்புக்கொண்டு வந்தவர்கள். தாளில் பெயர் இல்லை. யாரும் சிவப்புப் பேனையோடு ர, ற பார்க்கவில்லை. நல்ல கட்டுரை என்று வகுப்பில் உரத்து வாசிக்கவில்லை. இதில் எதை எங்கள் கட்டுரைக் கொப்பியில் தர முடியும்? ஒரு பிள்ளையின் கொப்பியை நான் பார்த்திருக்கிறேன். அம்மம்மா செத்ததை எழுதியிருந்தாள். 'இறந்தார்' என்பதில் இடையின ர போட்டிருந்தாள். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். கீழே 11/15, 'எழுத்துப் பிழைகளைத் தவிர்க்கவும்'. அவ்வளவுதான். புள்ளி போட்டவர் கெட்டவர் இல்லை, திருத்த வேண்டிய கொப்பிகள் அவருக்கு முன்னால் அடுக்காக இருந்தன. அதனால்தான் சொல்கிறேன், திருத்தப் போகும் கொப்பியில் இப்படியானதைக் கேட்காதீர்கள்.

துயரத்தைச் சொல்ல வைத்துக் குணமாக்கும் முறைகள் இல்லாமலில்லை. சுனாமிக்குப் பிறகு 2005இன் தொடக்கத்தில், எங்கள் வடக்குக் கிழக்கு ஆசிரியர்களே பயிற்சி பெற்றுப் பிள்ளைகளோடு அதைச் செய்தார்கள். 31 பிள்ளைகள், ஆளுக்கு ஆறு அமர்வு. ஒரு பகுதிப் பிள்ளைகளோடு தனித்தனியாக இருந்து, பிறந்த நாளிலிருந்து நடந்ததை, நல்லதும் கெட்டதுமாக, ஒழுங்காகச் சொல்ல வைத்தார்கள். மற்றப் பகுதிக்கு மூச்சுப் பயிற்சி, தியானம், உடம்பைத் தளர்த்துவது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் முதல் பகுதியில் 81 வீதம் பிள்ளைகள் தேறியிருந்தார்கள், இரண்டாவதில் 71 வீதம். பெரிய வித்தியாசம் என்று ஆய்வாளர்களே சொல்லவில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. சொல்ல வைப்பதென்றால் பயிற்சி பெற்ற ஒருவர் கடைசிவரை கூட இருந்து கேட்க வேண்டும், மணி அடித்ததும் கணக்கு ரீச்சருக்கு வகுப்பைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. மற்றது, சொல்ல வைக்காமலும் பிள்ளைகள் தேறுகிறார்கள்.

நான் என்ன செய்தேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2009இல் நான் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தேன். வேலைக்காக அங்கே போகவில்லை, மற்றவர்களைப் போல நானும் முட்கம்பிக்கு உள்ளேதான். நாங்கள் இருந்த பகுதிக்கு ஆனந்தகுமாரசுவாமி என்று பெயர். கலையைப் பற்றி அவ்வளவு எழுதிய மனிதரின் பெயரை அந்தத் தறப்பாள் ஊருக்கு வைக்க யாருக்குத் தோன்றியதோ. இடம்பெயர்ந்து வந்த ஆசிரியர்களாகிய நாங்களே தறப்பாளின் கீழே பாடசாலை நடத்தினோம். அந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையே முகாமுக்குள் நடந்தது, வெளியில் இருக்கிறவர்கள் நம்பமாட்டார்கள்.

வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. வண்ணப் பென்சில் கொடுத்து, நடந்ததை வரையுங்கள் என்றார்கள். பிள்ளைகள் குண்டு போடும் கிபிர் விமானம் வரைந்தார்கள். வந்தவர்கள் கண்கலங்கி, படங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த குழு வந்தபோது ஒரு சின்னப் பையன் என்னிடம் மெல்லக் கேட்டான், "ரீச்சர், கிபிர் கீறினால்தானே பென்சில் தருவினம்?" அன்றிலிருந்து எனக்கு இந்த வெளிப்படுத்தல் விவகாரத்தில் ஒரு கசப்பு உண்டு. மறைக்க மாட்டேன்.

அந்தப் பிள்ளைகள் தாங்களாகக் கேட்டது எது தெரியுமா? சொல்வதெழுதல். நீங்கள் படித்த எந்த நவீன முறையிலும் இல்லாத, எல்லாரும் சலித்துக்கொள்கிற சொல்வதெழுதல். "ரீச்சர் இன்றைக்குச் சொல்வதெழுதல் வைக்க மாட்டீங்களா?" பிஸ்கட் பெட்டி மட்டையின் உட்பக்கத்தில் எழுதினார்கள். ஒரு பென்சிலை இரண்டாக முறித்து இரண்டு பேர். கிணறு, முருங்கை, தும்பி, வெள்ளாமை. நான் ஒரு சொல்லை இருமுறை சொல்வேன், மூன்றாவது முறை சொல்ல மாட்டேன். அது அவர்களுக்குத் தெரியும். நேற்று எப்படியோ இன்றும் அப்படி. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருந்த ஒரே நேரம் அந்த ஊரில் அதுதான். வந்த நாளிலிருந்து வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பக்கத்தில் இருந்தவன் 'கிணரு' என்று எழுதியதை எட்டிப் பார்த்து, "வல்லின ற" என்றாள். அவள் குரலை நான் கேட்டது அப்போதுதான்.

இதைச் சொன்னால் செயலமர்வுக்காரர் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்பார்கள். சொல்லட்டும். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஆசிரியர்களுக்கு உளநலம் படிப்பித்தார்கள். உளநல வைத்தியர் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடிய இடத்தில் ஆசிரியர்தான் பிள்ளையை முதலில் காண்பவர் என்ற நியாயம் அது. காண்பது, காது கொடுப்பது, தேவையானால் வைத்தியரிடம் அனுப்புவது. தோண்டுவது அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் பையனை இப்போதைக்கு எழுத வைக்க வேண்டாம். படுத்திருந்தால் படுத்திருக்கட்டும். இரவு நித்திரை கொண்டானா என்று ஒருநாள் தனியாக, வராந்தாவில் நடந்துகொண்டே கேளுங்கள், முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்காதீர்கள். பின்னால் போய்த் தோளில் தட்டி எழுப்பாதீர்கள், முன்னால் வந்து பெயரைச் சொல்லுங்கள். திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு இந்தப் பந்தி உனக்கு என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். தலையிடி, வயிற்றுக்குத்து என்று அடிக்கடி சொன்னால் சாட்டு என்று நினைக்காதீர்கள். வீட்டில் அடி விழுகிறது என்று தெரியவந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். சாவு, சாகிறது என்று கதைத்தால் அன்றைக்கே ஆலோசனை ஆசிரியரைப் பிடித்து மாவட்ட ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கத்திலும் இரவு பகலாகக் கதைக்கலாம். நீங்களே தனியாகச் சுமக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இல்லாமல் போயிருப்பார்கள், நீங்கள் எழுதவில்லை, நான் கேட்கவில்லை.

எழுத்து வேண்டுமென்றால் சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போடுவது எப்படி என்று எழுதச் சொல்லுங்கள். கடலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையென்றால் வலை பொத்துவது. அவன் உங்களைவிட அதிகம் அறிந்த ஒன்று. அதில் நீங்கள் விளங்காமல் கேள்வி கேட்கலாம், அவன் திருத்தலாம். ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி மிச்சத்தை எழுதச் சொல்லுங்கள். கதையில் வருகிறவனுக்கு எதுவும் நடக்கலாம், அது யாருடைய தகப்பன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இனி வரும் தவணைப் பரீட்சைகளில் ஒன்றுக்காவது வினாத்தாள் தயாரிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். இளம் ஆசிரியர்கள் தலையில்தான் அது விழும். பொதுப் பரீட்சையிலேயே பல தலைப்பு கொடுத்து ஒன்றைத் தெரிய விடுகிறார்கள். நீங்கள் குறைந்தது ஐந்து தலைப்புக் கொடுங்கள். அதில் வீடும் குடும்பமும் வராத தலைப்பு மூன்று இருக்கட்டும். பகுதித் தலைவர் ஏன் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். எனக்கு ஓய்வூதியம் வந்துவிட்டது, இனி யாரும் இடமாற்ற முடியாது.

அன்புடன்,
ரீச்சர்