மகளுக்கு இந்த மாதமே லேசிக் செய்துவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 20 வயது, கல்லூரியில் இறுதியாண்டு. வலக்கண்ணில் மைனஸ் 5.5, இடக்கண்ணில் மைனஸ் 6 பவர் இருக்கிறது. எட்டு மாதத்துக்கு முன் இது 4.75, 5.25 என்றிருந்தது. இடக்கண்ணில் சிலிண்டர் பவரும் 0.5இலிருந்து 1.5 ஆகிவிட்டது. கல்லூரிக்குப் போகும்போது கான்டாக்ட் லென்ஸ் போடுவாள். அடிக்கடி கண் அரிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பாள். தை மாதத்தில் வரன் பார்க்கத் தொடங்குகிறோம். எங்கள் கண்ணாடிக் கடைக்காரர், தனக்குத் தெரிந்த மருத்துவமனையில் இந்த மாதம் சலுகை விலையில் லேசிக் (கண்ணாடி தேவைப்படாதபடி லேசரால் பவரைச் சரிசெய்யும் அறுவை) செய்துவிடலாம், இன்று பரிசோதனை, நாளை அறுவை, பணத்தை இன்சூரன்ஸில் வாங்கிவிடலாம் என்கிறார். ரயில்வே தேர்வுக்குப் படிக்கும் என் 19 வயது மகனும் கண்ணாடி போடுபவன். அவனுக்கும் சேர்த்துச் செய்தால் 10,000 ரூபாய் குறைப்பார்களாம். செய்யலாமா, டாக்டர்?
- திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: இந்த மாதம் வேண்டாம், அம்மா. குறைந்தது ஓராண்டு பொறுத்திருந்து, அப்போதும் பரிசோதனைகள் எல்லாம் சாதகமாக அமைந்தால் மட்டுமே உங்கள் மகளுக்கு லேசர் பற்றி யோசியுங்கள். மகனுக்கு இப்போது எந்த லேசரும் செய்யவே கூடாது. அதற்கான காரணம் வேறு; அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் எண்கள்தாம் எனக்குக் கவலை தருகின்றன. எட்டு மாதத்தில் இரண்டு கண்ணிலும் முக்கால் பவர் ஏறியிருக்கிறது. லேசர் செய்வதற்கு முன்பு ஓராண்டாவது பவர் அரைக்கு மேல் மாறாமல் நிற்க வேண்டும் என்பது கண் மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி. ஏறிக்கொண்டிருக்கும் பவரில் லேசர் செய்தால் அன்றைக்கு இருக்கும் பவர்தான் போகும்; அதன்பிறகு ஏறுவது மறுபடியும் கண்ணாடியாக வந்து நிற்கும். இரண்டாம் முறை லேசர் செய்யக் கருவிழியில் தடிமன் மிச்சமிருக்குமா என்பது வேறு கேள்வி.

அதைவிட முக்கியமானது இடக்கண்ணின் சிலிண்டர். கண்ணின் முன்புறம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் பகுதியைக் கருவிழி என்கிறோம். அது எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருக்காதபோது சிலிண்டர் பவர் வருகிறது. இருபது வயதில், கண்ணைக் கசக்கும் பழக்கம் உள்ள ஒருவருக்கு, ஒரு கண்ணில் மட்டும் சிலிண்டர் எட்டு மாதத்தில் ஒன்று கூடினால், கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைக்கும் ‘கெரட்டோகோனஸ்’ என்ற நோய் தொடங்குகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கான்டாக்ட் லென்ஸ் அழுத்தியதால்கூட எண் மாறியிருக்கலாம். ஆனால் இல்லை என்று உறுதியாகும்வரை அந்தக் கண்ணில் லேசர் படக்கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்பதை உங்கள் வீட்டில் உள்ள வெள்ளைத் தாள்களைக் கொண்டே புரியவைக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஐந்து தாள்களை அடுக்கி விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். நம் மக்களில் பெரும்பாலானோருக்கு நடுக்கருவிழியின் தடிமன் அவ்வளவுதான், அல்லது அதைவிடச் சற்றே கூடுதல். லேசிக் செய்யும்போது மேலே ஒரு தாள் தடிமனுக்கு, அதாவது 110 மைக்ரான் அளவுக்கு, ஒரு மூடியைச் சீவித் திறக்கிறோம். அதன் அடியில் லேசரால் ஒவ்வொரு பவருக்கும் சுமார் 15 மைக்ரான் திசுவை நீக்குகிறோம். மைனஸ் 6 என்றால் 90 மைக்ரான், கிட்டத்தட்ட இன்னொரு தாள் போய்விடுகிறது. மூடியைத் திரும்பப் பொருத்தினாலும் அது கருவிழிக்குப் பழைய பலத்தைக் கொடுப்பதில்லை. ஆகவே உங்கள் மகளின் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை வாழ்நாள் முழுவதும் தாங்கி நிற்கப்போவது மீதமுள்ள மூன்று தாள்கள்தாம். அந்த அடித்தளம் 250 மைக்ரானுக்குக் கீழே போகவே கூடாது. என்னைப் போன்ற பலர் 300 இருந்தால்தான் நிம்மதியாகச் செய்வோம். 520 மைக்ரான் உள்ள நல்ல கருவிழியில் கணக்குப் போட்டால் 320 மிஞ்சும். 480 உள்ளவருக்கு 280தான். ஏற்கெனவே மெலியத் தொடங்கிய கருவிழியாக இருந்தால், லேசருக்குப் பிறகு அது முன்னோக்கிப் புடைக்கும், பார்வை கலங்கும், கண்ணாடி போட்டாலும் தெளியாது. போன திசுவை எந்த மருந்தாலும் திருப்பி வளர்க்க முடியாது.

இதை எழுதும்போது ஓர் இளைஞரின் ஸ்கேன் படம் என் நினைவில் இருக்கிறது. மைனஸ் 5 பவரோடு எங்கோ சலுகை விலையில் லேசிக் செய்துகொண்டு, ஒன்றரை ஆண்டு கழித்து என்னிடம் வந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே விரல் முட்டியால் கண்ணைத் தேய்த்தார். கருவிழியின் வளைவை நிறங்களால் காட்டும் டோபோகிராபி படத்தில் இரண்டு கண்ணிலும் கீழ்ப்பகுதி செக்கச்செவேலென்று இருந்தது. அறுவைக்கு முன் எடுத்த படத்தைக் கேட்டேன். கையில் கொடுக்கவில்லை என்றார். மேலும் புடைக்காமலிருக்க, சொட்டு மருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சி.3.ஆர். சிகிச்சை செய்தோம். இப்போது கடினமான லென்ஸ் போட்டுத்தான் பைக் ஓட்டுகிறார். கண்ணாடியே வேண்டாம் என்று போனவர் அவர்.

அடுத்தது, உங்கள் மகள் கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்பது. லென்ஸ் கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிவிடும். மென்மையான லென்ஸ் என்றால் இரண்டு வாரமாவது நிறுத்திவிட்டுத்தான் பரிசோதனை எடுக்க வேண்டும். கடின லென்ஸ் என்றால் இன்னும் அதிக நாள் ஆகும். இன்று பரிசோதனை, நாளை அறுவை என்று சொல்கிறவர், நேற்றுவரை லென்ஸ் போட்டிருந்தாளா என்று ஒரு வார்த்தை கேட்டாரா? அப்படி எடுக்கும் அளவை நம்பி லேசர் செய்தால் கணக்கே தவறிப்போகும்.

இனி அந்தக் கண்ணாடிக் கடைக்காரரைப் பற்றி. அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். உங்கள் குடும்பத்துக்குப் பல ஆண்டு பழக்கமாகவும் இருக்கலாம். ஆனால் உங்கள் மகளை அனுப்புவதற்காக அவருக்கு ஒரு தொகை கிடைக்கிறதா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அவர் எழுதிக் கொடுக்கும் சீட்டின் மூலையில் பேனாவால் இரண்டு எழுத்தோ ஓர் எண்ணோ இருந்தால், அது பெரும்பாலும் யார் அனுப்பினார்கள் என்று கணக்கு வைப்பதற்கான அடையாளம். நோயாளியை அனுப்பியதற்காக மருத்துவர் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் தடை செய்திருக்கின்றன. அந்த விதி மருத்துவர்களைத்தான் கட்டுப்படுத்தும். கடைக்காரரையும், முகாம் நடத்தும் ஏஜென்ட்டையும், நிர்வாகத்தின் விற்பனைப் பிரிவையும் அது தொடுவதில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் கமிஷன் கடைசியில் யாருடைய பணத்திலிருந்து போகிறது? பேக்கேஜ் விலைக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது. அதை ஈடுகட்ட மருத்துவமனை எதைக் குறைக்கிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் குறைவது பரிசோதனைக்கும் பேச்சுக்கும் ஒதுக்கும் நேரம். ஒப்புதல் படிவத்தை ஆங்கிலத்தில் அச்சிட்டு, அறுவை நாள் காலையில், கண்ணில் மருந்து விட்டு எழுத்து தெரியாத நிலையில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை நான் பல இடங்களில் பார்த்து மனம் வெறுத்திருக்கிறேன். தமிழில் எழுதிய படிவத்தை முந்தைய வாரமே வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில் என்ன கஷ்டம்?

இன்சூரன்ஸ் பற்றி அவர் சொன்னது தவறு. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பொதுவாக உள்ள விலக்குப் பட்டியலில், 7.5 டயாப்டருக்குக் குறைவான பவரைச் சரிசெய்யும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. உங்கள் மகளின் பவர் 6. பவரைக் கூட்டிக் காட்டிச் சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி. பொய்யான விவரத்தோடு பணம் கேட்டவர்களாக மாட்டிக்கொள்வது நீங்கள்தான், அவரல்ல.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் போட்டித் தேர்வுப் பயிற்சி மையங்களைச் சுற்றி இந்த வியாபாரம் பெருகியிருக்கிறது. ரயில்வேயில் அசிஸ்டென்ட் லோகோ பைலட், அதாவது உதவி ரயில் ஓட்டுநர், பணிக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 என்ற இயல்பான முழுப் பார்வை வேண்டும். கண்ணாடி போடும் பையன் இதைப் படித்தவுடன், லேசர் செய்துகொண்டால் தகுதி வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஏஜென்ட்டும் அதையே சொல்கிறார். ஆனால் அந்த ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே, லேசிக் உள்ளிட்ட பார்வைத் திருத்த அறுவை செய்துகொண்டவர்கள் அந்தப் பணிக்குத் தகுதியற்றவர்கள் என்று தனியாக அச்சிடப்பட்டிருக்கிறது. சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ‘ஸ்லிட் லேம்ப்’ கருவியில் பார்த்தால் மூடி வெட்டிய விளிம்பு மெல்லிய வளையமாகத் தெரியும்; மூடியே இல்லாத முறையில் செய்திருந்தாலும் டோபோகிராபியில் நடுப்பகுதி தட்டையாகியிருப்பது காட்டிக் கொடுத்துவிடும். எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனையில் திரும்பி வரும் பையன்களின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கண்ணாடியோடு எழுதக்கூடிய வேறு பணிகள் ரயில்வேயிலேயே இருக்கின்றன. ராணுவம், விமானப்படை போன்றவற்றில் சில பிரிவுகள் லேசரை நிபந்தனைகளோடு ஏற்கின்றன. வயது, அறுவை முடிந்து எத்தனை மாதம், கண்ணின் நீளம், மிச்சமுள்ள தடிமன் என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு உண்டு. ஆகவே அவன் எந்தப் பணிக்கு விண்ணப்பிக்கப் போகிறான் என்பது முடிவாகி, அந்த ஆண்டு அறிவிப்பின் மருத்துவத் தகுதிப் பகுதியை அவனே முழுதாகப் படித்த பிறகுதான் லேசர் என்ற பேச்சை எடுக்க வேண்டும். 10,000 ரூபாய் சலுகைக்காக ஒரு வேலைக்கான கதவை நீங்களே அடைத்துவிடாதீர்கள்.

திருமணப் பேச்சு உங்களை அவசரப்படுத்துகிறது என்பது எனக்குப் புரிகிறது. கல்யாணத்துக்குப் பிறகு கர்ப்பகாலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் பவர் மாறக்கூடும் என்பதால் அப்போது நாங்கள் லேசர் செய்வதில்லை. இப்போதே முடித்துவிட வேண்டும் என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப்போவதால் கண்ணுக்கு எந்தக் கேடும் இல்லை. மைனஸ் 6 பவரைக் கண்ணாடியே நன்றாகத் திருத்திவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லேசர் கருவிழியின் வளைவை மட்டும்தான் மாற்றுகிறது; மைனஸ் பவருக்குக் காரணமான நீண்ட கண், நீண்டதாகவே இருக்கிறது. அதனால் விழித்திரை மெலிந்து கிழியும் அபாயம் அறுவைக்குப் பிறகும் அப்படியே உண்டு. கண்ணாடி போய்விட்டது, இனிக் கண் மருத்துவரே வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். கண்முன் மின்னல் வெட்டினாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே போக வேண்டும்.

நான் லேசருக்கு எதிரி அல்லன். இதற்கு அடிப்படையான கண்டுபிடிப்பைச் செய்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். 1981இல் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில், விருந்தில் மீந்த வான்கோழித் துண்டில் எக்ஸைமர் என்ற புற ஊதா லேசரைப் பாய்ச்சி, சுற்றியுள்ள திசு கருகாமல் வெட்டு விழுவதைக் கண்டவர். சரியான கண்ணில் சரியான நேரத்தில் செய்தால் எத்தனையோ பேருக்கு நிறைவு தரும் சிகிச்சை அது. சில மாதங்களுக்குக் கண் உலர்வும், இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் இருக்கும், பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும். பிளேடு இல்லாதது, தையல் இல்லாதது, மூடியே இல்லாதது என்று புதிய பெயர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எந்தப் பெயரில் செய்தாலும் கருவிழித் திசு குறையத்தான் செய்யும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். முதலில் அரிப்புக்கு வைத்தியம். மெடிக்கல் ஷாப்பில் தாமாகக் கொடுக்கும் சொட்டு மருந்தை வாங்க வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு சட்டென்று நிற்கும், ஆனால் மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும். கண் மருத்துவர் எழுதித் தரும் ஒவ்வாமை மருந்தை ஒழுங்காக விடச் சொல்லுங்கள். அரித்தால் கசக்காமல் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மூடிய கண்மேல் வைக்கச் சொல்லுங்கள். லென்ஸை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, உங்களுக்கு லேசரை விற்க வேண்டிய அவசியம் இல்லாத ஒரு கருவிழி நிபுணரிடம், மதுரையிலோ கோவையிலோ, டோபோகிராபியும் தடிமன் அளவும் எடுங்கள். கட்டணம் கொடுத்தே எடுங்கள். இலவசம் என்றால் அறிக்கை உங்கள் கைக்கு வராமல் போகலாம். சந்தேகமான படம் என்றால் ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். நல்ல படம் என்றாலும் ஓராண்டு கழித்து அதே இடத்தில் இன்னொரு முறை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பிற்காலத்தில் லேசர் செய்துகொண்டால், அறுவைக்கு முந்தைய வளைவு அளவுகளையும் எவ்வளவு திசு நீக்கினார்கள் என்ற சீட்டையும் கேட்டு வாங்கி அதிலேயே சேருங்கள். அறுபது வயதில் உங்கள் மகளுக்குக் கண்புரை வந்து உள்லென்ஸ் வைக்கும்போது, பவரைக் கணக்கிட அந்த மருத்துவர் தேடப்போவது அந்தத் தாள்களைத்தான். எட்டு மாதத்துக்கு முந்தைய அந்தப் பழைய கண்ணாடிச் சீட்டு வீட்டில் எங்காவது கிடக்கும். அதை இன்றே தேடி எடுத்து, கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.