வெள்ள அபாயம் பற்றி மக்களிடம் விழிப்புணர்வை உண்டாக்க உண்மையில் எது உதவும்?

சென்னையை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பழக்கமான ஊர் அதுதான்.

ரெட் அலர்ட் என்றால் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டலாம் என்பதை இங்கே டீக்கடையிலேயே விளக்குவார்கள். அவ்வளவு மழை பெய்தால் தன் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று கேளுங்கள், பலருக்குத் தெரியாது.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளாகக் கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 68 லாரி. வழியிலுள்ள மற்ற ஏரிகளின் உபரிநீர் இதில் சேராது. சரி, இந்தக் கணக்கைக் கேட்டு ஜாபர்கான்பேட்டையில் கீழ்வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? பயப்படுவார். பீரோவிலிருப்பதைப் பரணில் ஏற்றினால் போதுமா, வீட்டைப் பூட்டிக் கிளம்பணுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. கரையோர மக்கள் வெளியேறுங்கள் என்று சொன்னாலும் அது குடிசைவாசிகளுக்கு என்றே மற்றவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த முறை கோட்டூர்புரத்து நல்ல நல்ல வீடுகளுக்குள்ளும் ஆறு வந்தது.

அதனால் என் யோசனை இதுதான்: பழைய வெள்ளம் வந்த உயரத்தைத் தெருவிலேயே பெயின்டால் கோடு போட்டு, ஆண்டையும் எழுதுங்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதைச் சொன்னபோது முதல் எதிர்ப்பு வீட்டு உரிமையாளர்களிடமிருந்துதான் வந்தது. வாடகை குறையுமாம், மனை விலை போகாதாம். கடைசியில் கோயில் மதிலிலும் ரேஷன் கடைச் சுவரிலும் மட்டும் போட முடிந்தது. அதுவே பெரிய விஷயம். புதிதாகக் குடிவந்தவர்கள் நின்று பார்த்து, தங்கள் இடுப்பு உயரத்தோடு ஒப்பிட்டு, "இவ்வளவா!" என்கிறார்கள். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரையிலிருந்து தூக்கி வைக்கச் சொன்னால் அப்புறம் யாரும் வாதாடுவதில்லை.

பட்டவர்கள் தாமாகவே தயாராகிறார்கள் என்பதற்கு வேளச்சேரி மேம்பாலமே சாட்சி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே பாலத்தின் மேல் கார்கள் வரிசைகட்டி நின்றன. நிறையப் பேர் சிரித்தார்கள். எனக்கென்னவோ அது சரியான முன்னெச்சரிக்கையாகத்தான் பட்டது. ஆனால் காருக்குப் பாலம் பார்த்து வைத்த அளவுக்கு, மாடியேற முடியாத பாட்டிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறோமா?

அதை வெயில் காலத்திலேயே பேசி முடிக்க வேண்டும். யார் வீட்டு மாடிக்குப் போவது, இன்சுலின் எங்கே இருக்கிறது, மெயின் சுவிட்சை யார் அணைப்பது என்று. தண்ணீர் ஏறினால் கரன்ட் போகும், கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போய்விடலாம். அந்த நேரத்தில் வாட்ஸ்அப் குழுவால் பயனில்லை. மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. இந்த எண்களைப் போனில் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் எழுதி ஒட்டுங்கள்.

வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு ஒன்று: தண்ணீர் நிற்குமா என்று உரிமையாளரிடம் கேட்காதீர்கள், "சுத்தமா நிக்காது சார்" என்றுதான் பதில் வரும். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று கேளுங்கள்.