மைவி காருக்குச் சரியான பக்க ஜன்னல் கண்ணாடியை எப்படிக் கேட்டு வாங்குவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் பெரோடுவா மைவியின் கதவு ஜன்னல் கண்ணாடி உடைந்துவிட்டது, கடையில் என்ன சொல்லிக் கேட்பது என்கிறீர்கள். "மைவி கண்ணாடி" என்று மட்டும் கேட்காதீர்கள். 2005, 2011, 2017 என மூன்று தலைமுறைகள் வந்துள்ளன. ஒன்றின் கண்ணாடி மற்றொன்றுக்குப் பொருந்தாது. வாகனப் பதிவு ஆவணத்திலுள்ள சேசிஸ் எண்ணை (காரின் தனி அடையாள எண்) காட்டுங்கள், அதுவே நம்பகமானது. இடம், வலம் என்பதை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்த்தே சொல்லுங்கள். பின்கதவு என்றால், ஏறி இறங்கும் கண்ணாடியா, மூலையில் அசையாமல் நிற்கும் சிறு கண்ணாடியா என்பதும் முக்கியம்.

கதவுக் கண்ணாடி பொதுவாக வெப்பத்தால் கடினமாக்கப்பட்டது; அறுத்தால் நொறுங்கிவிடும். ஆகவே "கொஞ்சம் அறுத்துப் பொருத்தித் தருகிறேன்" என்பவரிடம் வாங்க வேண்டாம். பழைய உதிரிபாகக் கடையில் கிடைப்பது மலிவு, எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. விளிம்பில் சில்லு பெயராமல் இருந்தால் போதும். கறுப்பு ஒட்டுத்தாள் போடுவதானால், முன்கதவுகளில் 50 விழுக்காடு ஒளியாவது உள்ளே வர வேண்டும். மாட்டுவதற்கு முன் கதவுக்குள் கிடக்கும் தூளை உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள்.