வெயிலில் நின்றுபோகும் அம்பாசடர்: கார்புரேட்டரை உடனே மாற்ற வேண்டாம்

சார், மதிய டிராஃபிக்கில் உங்கள் 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் திடீரென்று அணைந்துபோகிறது, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் தானே கிளம்புகிறது, மெக்கானிக் புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்தச் செலவை இப்போது செய்யாதீர்கள். ஆறினால் ஓடுகிற வண்டிக்குக் கார்புரேட்டர் போயிருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்த முறை நிற்கும்போது ஆறவிடாமல் உடனே பானெட்டைத் திறங்கள். ஒரு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி, கையிருப்பு பிளக்கை அதில் மாட்டி, பிளக்கின் உடம்பு இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் இதைச் செய்யவே கூடாது. பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தால் இக்னிஷனில், அதாவது பொறி உண்டாக்கும் பகுதியில், பழுதிருக்க வாய்ப்பு குறைவு. மஞ்சளாக மங்கியோ, வராமலோ போனால் காயில் (பொறிக்கு மின்னழுத்தத்தை ஏற்றித் தருவது) அல்லது கண்டென்சர் (அதற்குத் துணையான சிறு மின் பாகம்) மேல்தான் முதல் சந்தேகம். இரண்டும் பழுதானால் சூடேறும்போது மட்டும் மக்கர் பண்ணலாம், ஆறியதும் ஒன்றும் தெரியாது.

பொறி சரி என்றால் ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப் மேல் போடுங்கள், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் படாமல். உடனே கிளம்பினால் வேப்பர் லாக். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட, பம்ப் வெறும் ஆவியைத்தான் இழுக்கிறது. பெட்ரோல் குழாய் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிறதா பாருங்கள், தள்ளிக் கட்டுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் இருந்தால் மாற்றிவிடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் அதை அரித்துவிடும்.

அப்புறம், டேங்க் மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் அதன் காற்றுத்துளை அடைத்திருக்கிறது, அதனாலும் பெட்ரோல் வராமல் வண்டி நிற்கும். பொறி எந்த நிறத்தில் வந்தது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.